காருக்குச் செராமிக் கோட்டிங்: வீட்டில் தாமே பூச விரும்புவோருக்கு

காரின் பெயிண்டைக் கறையிலிருந்து காக்க அதன் மேல் பூசும் செராமிக் கோட்டிங் என்று விற்கப்படும் குப்பியில் இருப்பது 30 அல்லது 50 மில்லிலிட்டர் திரவம். ஒரு சிறிய காரின் மேல் அதைப் பூசித் துடைத்து முடிக்க மூன்று மணி நேரம் போதும். ஆனால் குப்பியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய கழுவலுக்கும் துப்புரவுக்கும் மெருகேற்றலுக்கும் ஒன்றரை நாளாவது வேண்டும். பூசிய பிறகு காரை எந்தத் தண்ணீரில் எப்படிக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது எத்தனை காலம் நிற்கும் என்பது அமையும். சென்னையின் தென்புறநகர்களைப் போல ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் இடங்களில், இந்தப் பூச்சைச் சீக்கிரம் கெடுப்பது பெரும்பாலும் கழுவுகிற தண்ணீர்தான். ஆகவே கோட்டிங்கைப் பற்றிய இந்த வழிகாட்டியில் தண்ணீரைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே வரும்.

காரின் தகட்டின் மேல் முதலில் துரு பிடிக்காமல் காக்கும் மின்பூச்சும், அதன் மேல் பிரைமரும், அதற்கும் மேல் நிறப் பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட்டும் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 90 முதல் 140 மைக்ரான் கனம்தான் இருக்கும். நாம் அச்சிடப் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், வெயிலையும் மழையையும் தாங்கி நிற்பது எவ்வளவு மெல்லிய படலம் என்பது விளங்கும். அதிலும் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே. இதன் மேல் நாம் பூசப்போகும் செராமிக் படலம் ஒரு மைக்ரானை ஒட்டி இருக்கும். சிலிக்கா சார்ந்த சேர்மங்களைக் கரைப்பானில் கரைத்து வைத்திருக்கும் அந்தத் திரவம், பூசியதும் கரைப்பான் ஆவியாக, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கிளியர் கோட்டைப் பற்றிக்கொண்டு இறுகுகிறது. மெழுகைப் போல மேலே உட்கார்ந்திருப்பதில்லை என்பதால்தான், ஓரிரு மாதங்களில் கரைந்து போகாமல் ஆண்டுக் கணக்கில் நிற்கிறது.

ஒரு மைக்ரான் படலத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். காக எச்சம், மரத்திலிருந்து சொட்டும் பிசின், பூச்சிகளின் கறை ஆகியவை கிளியர் கோட்டை உடனே அரிக்காமல் அது தடுக்கும். தூசியும் சேறும் இறுகப் பற்றாததால் கழுவுவது எளிதாகும். நிறம் சற்று ஆழமாகத் தெரியும். சாலையில் தெறிக்கும் கல், நெருக்கடியில் உரசிச் செல்லும் இருசக்கர வாகனத்தின் கைப்பிடி, வீட்டுச் சுவர் ஆகியவற்றிடமிருந்து அது காக்காது. கல் தெறிப்புக்குப் பயன்படுவது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம். அது வேறு பொருள், செலவும் பல மடங்கு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் காருக்கு முன் பம்பரிலும் பானெட்டிலும் அந்தப் படலத்தை ஒட்டிவிட்டு மற்ற இடங்களில் கோட்டிங் பூசுவது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

குப்பியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் "9 எச்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில் முனைகளால் பூச்சைக் கீறிப் பார்த்து, எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்று சொல்வார்கள். வைரத்துக்குப் பத்து என்று மதிப்பிடும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. விற்பனையாளர்கள் சிலர் இரண்டையும் குழப்பி, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று கூசாமல் சொல்கிறார்கள். நம் தெருத் தூசியில் கலந்திருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் ஏழு. எந்தப் பென்சிலைக் காட்டிலும் அது கடினமானது. ஆகவே கோட்டிங் பூசிய காரையும் உலர்ந்த துணியால் தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும்.

சில கார்களுக்கு இந்த வேலையைத் தள்ளிப்போடுவதோ விட்டுவிடுவதோ நல்லது. கிளியர் கோட் ஏற்கெனவே வெளுத்து உரியத் தொடங்கிய பழைய காருக்குக் கோட்டிங் எதையும் மீட்டுத் தராது. டிங்கரிங் செய்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியில் கரைப்பான் முழுமையாக வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்குத் தனி வகைக் கோட்டிங் உண்டு; அதன் மேல் பாலிஷ் இயந்திரத்தைக் கொண்டுபோகவே கூடாது.

முதலில் தண்ணீர்

கோட்டிங் வாங்குவதற்கு முன்பே வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை அது பிரித்துச் சொல்லாது. அதற்குக் கடினத்தன்மை காட்டும் காகிதப் பட்டைகள் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. குடிப்பதற்கே 200 என்பது வரம்பு எனும்போது, அதைத் தாண்டிய நீர் காரின் மேல் காய்ந்தால் என்ன மிஞ்சும் என்பதைக் குளியலறைக் குழாயில் படிந்திருக்கும் வெள்ளைக் காரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கோட்டிங் பூசிய காரில் இந்தச் சிக்கல் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கவனமில்லாதவர் கையில் அது கூடவே செய்கிறது. பூசாத பெயிண்டில் தண்ணீர் பரவி மெல்லிய படலமாகக் காயும். அதிலுள்ள உப்பும் பரவலாகப் படியும். கோட்டிங் பூசிய பரப்பில் தண்ணீர் தாமரை இலையில் போல முத்துமுத்தாகத் திரண்டு நிற்கிறது. வெயிலில் அந்த முத்து சுருங்கச் சுருங்க, அதிலிருந்த உப்பு முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்து வட்டக் கறையாகிவிடுகிறது. சில நாள் விட்டுவிட்டால் அது பூச்சிலேயே பதிந்துவிடும். முத்துக்கள் உருள்வதைக் கைப்பேசியில் படமெடுத்து மகிழ்பவர்கள், படமெடுத்த கையோடு அவற்றைத் துடைத்தும்விட வேண்டும்.

கடின நீர் உள்ள வீட்டில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமான தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக அலசுவதற்கு மட்டும் 10 முதல் 15 லிட்டர் மென்னீரைப் பயன்படுத்துவதே அது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர்க் குழாயிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை எடுக்கக் கூடாது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீணாகக் கூடாதே என்று நல்லெண்ணத்தோடு அதைக் கார் கழுவப் பிடித்து வைக்கும் வீடுகள் பல உண்டு. ஏசியின் வடிகுழாயிலிருந்து சொட்டும் நீர் இதைவிட நல்லது. அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து திரண்ட நீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. சென்னையின் கோடையில் ஓர் இரவில் ஒரு வாளி தேறும். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டால் போதும்.

இடமும் பொழுதும்

கூரை உள்ள, காற்றோட்டமான, தூசி பறக்காத இடம் வேண்டும். போர்ட்டிகோ போதும், திறந்த வாசலும் மரத்தடியும் உதவாது. பெரும்பாலான தயாரிப்புகள் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். தமிழகக் கடலோரத்தில் அதற்கு ஏற்ற பருவம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் ஜனவரியும் பிப்ரவரியும். கத்திரி வெயிலில் கருப்பு நிறக் காரின் பானெட் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அப்போது பூசினால் கரைப்பான் நொடியில் பறந்து, துடைப்பதற்குள் பூச்சு இறுகிவிடும். மழை மாதங்களில் காற்றின் ஈரமே இறுகுதலை விரைவுபடுத்திவிடும். ஜனவரியிலும் அதிகாலைப் பனி தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் என்பதால், காலை எட்டு மணிக்கு மேல் தகட்டைத் தொட்டு, உலர்ந்து குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துத் தொடங்குவது நல்லது.

இந்தத் திரவங்களின் கரைப்பான் எளிதில் தீப்பற்றக் கூடியது. வாசல் மாடத்தில் விளக்கேற்றும் வீடாக இருந்தால் அன்றைக்கு மட்டும் கார் நிற்கும் இடத்துக்கு எட்டத்தில் ஏற்றச் சொல்லிவிடுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம் வேண்டும். மூடிய கராஜாக இருந்தால் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி அணிய வேண்டும்; துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது.

கழுவுதலும் துப்புரவும்

முதல் நாள் காலையில் சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள். அழுக்கு அதிகமுள்ள இடம் அதுதான். அதற்கென்று தனி வாளியும் தனித் துணியும் இருக்க வேண்டும். பிறகு காரின் மேல் தண்ணீரை மட்டும் பீய்ச்சி, தளர்ந்த மணலை எல்லாம் இறக்கிவிட வேண்டும். மெழுகு கலக்காத, அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையான கார் ஷாம்புவை ஒரு வாளியில் கரைத்துக்கொண்டு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே மீண்டும் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழாக, கூரையில் தொடங்கிக் கதவுகளின் அடிப்பகுதியில் முடிப்பதே முறை.

சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும் இந்தக் கட்டத்தில், மெல்லிய பாலித்தீன் பை ஒன்றுக்குள் கையை விட்டு பானெட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே நன்றாகத் தெரியும். அவை பெயிண்டில் குத்தி நிற்கும் துகள்கள். அவற்றில் முதன்மையானது இரும்பு. பிரேக் தேய்வதால் பறக்கும் தூளும், ரயில் பாதைக்கும் பட்டறைகளுக்கும் அருகில் காற்றில் மிதக்கும் தூளும் சூடாக வந்து ஒட்டித் துருப்பிடிக்கின்றன. தாம்பரம் பக்கம் ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் நாள்தோறும் நிற்கும் வெள்ளைக் கார்களில் செம்புள்ளிகளாக இதைப் பார்க்கலாம். இதற்கென விற்கும் இரும்பு நீக்கியைத் தெளித்தால், இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் முடியைச் சுருட்டவும் நேராக்கவும் அழகு நிலையங்களில் பயன்படும் அதே வகைச் சேர்மம் என்பதால், அந்த வாடையும் அப்படியே அடிக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள், காய்ந்துவிடாமல், நன்றாக அலசிவிட வேண்டும்.

தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி உண்டு. மண்ணெண்ணெய் போடுபவர்களும் இருக்கிறார்கள். தார் போகும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய்ப் பசை தங்கிவிடும் என்பதால் அந்த இடத்தை மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பழைய உப்புக் கறைகள் இருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் போட்டு வைத்துத் துடைத்து அலசலாம். அதற்கும் போகாத வட்டங்கள் பெயிண்டிலேயே பள்ளமாகப் பதிந்தவை. அவை பாலிஷுக்குக் காத்திருக்கட்டும்.

எஞ்சிய துகள்களைக் கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டி எடுத்துவிடும். அதற்கான வழுக்குத் திரவத்தையோ ஷாம்பு கரைசலையோ தாராளமாகத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் வழுக்கவிட வேண்டும். தொடக்கத்தில் கரகரவென்று ஓசை வரும். சிறிது நேரத்தில் ஓசை அடங்கிக் கட்டி தானே வழுக்கிச் செல்லும். ஒவ்வொரு பகுதிக்கும் கட்டியை மடித்துப் பிசைந்து புதிய முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கட்டி கைதவறித் தரையில் விழுந்தால், விலையைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் பானெட் முழுவதும் கோடு போட்டுவிடும்.

மெருகேற்றல்

கோட்டிங் ஒரு கண்ணாடிப் படலம் போன்றது. அடியில் என்ன இருக்கிறதோ அதைத் தெளிவாகக் காட்டுவதோடு, ஆண்டுக் கணக்கில் பூட்டியும் வைத்துவிடும். எனவே சிலந்தி வலைபோலச் சுழன்று தெரியும் மெல்லிய கீறல்களை இப்போதே எடுத்தாக வேண்டும். புதுக் கார் என்றால் இது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். ஷோரூம் முற்றத்தில் அவசரமாகக் கழுவித் துடைத்துத் தந்ததிலேயே சுழல் கீறல்கள் விழுந்திருக்கும். இருட்டில் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு ஒரே நேரத்தில் சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை அசைவுப் பாலிஷ் இயந்திரம்தான் வீட்டுக்கு ஏற்றது. பட்டறைகளில் காணப்படும் வெறுமனே சுழலும் இயந்திரம் பழகாத கையில் பெயிண்டைச் சூடாக்கி எரித்துவிடும். எரிக்காவிட்டாலும் வெயிலில் நிழலாட்டம்போல அலையும் தடங்களை விட்டுச் செல்லும். மென்மையான ஃபோம் பேடில் நான்கு சிறு துளிகள் பாலிஷ் வைத்து, ஒன்றரை அடிச் சதுரத்தை எடுத்துக்கொண்டு, முதலில் குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி, ஒரு தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடும்படி மெதுவாக, நெடுக்காகவும் குறுக்காகவும் நான்கு முறை ஓட்ட வேண்டும். கையின் எடையே போதுமான அழுத்தம். துடைத்துவிட்டு விளக்கில் பாருங்கள். மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையான பாலிஷுக்குப் போகலாம். எந்தச் சேர்க்கை போதும் என்பதை ஒரு மூலையில் சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே முழுக் காருக்கும் இறங்க வேண்டும்.

ஒவ்வொரு மெருகேற்றலும் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரானைத் தின்றுவிடுகிறது. கையில் 40 மைக்ரான்தான் இருக்கிறது என்பதை மறக்காமல், எல்லாக் கீறலையும் துரத்தும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நகத்தை மெல்ல ஓட்டும்போது அது இடறினால், அந்தக் கீறல் பாலிஷுக்குப் போகாது, இருந்துவிட்டுப் போகட்டும். கதவு விளிம்புகளிலும் தகடு மடியும் கூர்மையான கோடுகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருப்பதால், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டித் தப்பிப்பது நல்லது. கருப்பு பிளாஸ்டிக் பாகங்களையும் டேப்பால் மூடிவிடுங்கள். அவற்றில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை எளிதில் போகாது.

இயந்திரத்தை இதுவரை தொட்டதே இல்லை என்றால், சொந்தக் காரில் பழக வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஏதேனும் ஓர் அடிபட்ட பானெட்டை வாங்கி வந்து ஒரு நாள் பழகிப் பார்க்கலாம். அந்தப் பொறுமை இல்லையென்றால் மெருகேற்றலை மட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டிங்கை வீட்டில் பூசிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. முழு வேலையையும் டீடெய்லிங் நிலையத்திடமே ஒப்படைப்பவர்கள், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்பதைவிட, மெருகேற்றலுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்றும், பெயிண்ட் கனத்தை மீட்டரில் அளந்து காட்டுவார்களா என்றும், உத்தரவாதத்தில் உப்புக் கறை அடங்குமா என்றும் கேட்பது நல்லது. பெரும்பாலும் அது அடங்குவதில்லை.

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை மறைத்து நம்மை ஏமாற்றும். கோட்டிங் பற்றுவதையும் கெடுக்கும். அதைப் போக்கக் கோட்டிங் தயாரிப்பாளரே விற்கும் பேனல் வைப் திரவத்தைப் பயன்படுத்துவது பாதுகாப்பான வழி. அது இல்லையென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து 15 முதல் 25 சதவீதக் கரைசலாக்கித் தெளித்து, இரண்டு துணிகளால் மாற்றி மாற்றித் துடைக்கலாம். கை கழுவும் சானிடைசரை இதற்கு எடுக்கக் கூடாது. அதில் கிளிசரின் போன்ற பசைகள் கலந்திருக்கும். இதற்குப் பிறகு வெறும் கையால் காரைத் தொட வேண்டாம்.

பூசுதல்

குப்பியோடு வரும் குறிப்பை முழுவதும் படியுங்கள். துடைக்க விட வேண்டிய நேரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். முதன்முறை செய்பவர், அந்த நேரம் நீளமாக உள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். "பத்து ஆண்டு நிற்கும்" என்ற விளம்பரத்தைவிட இந்த ஒரு தகவல்தான் வீட்டில் பூசுபவருக்குப் பயன்படும்.

முதலில் கண்ணில் அதிகம் படாத பின்கதவில் தொடங்குங்கள். சிறிய ஃபோம் கட்டையின் மேல் மெல்லிய சுயீட் துணியைச் சுற்றி, அதில் ஆறு முதல் பத்துத் துளிகள் விட்டு, இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பில் நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை பூசுங்கள். புழுக்கமான நாளாக இருந்தால் பரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பூசிய இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நொடிகளில் எண்ணெய் சிந்திய சாலையில் தெரிவதுபோல வானவில் நிறங்கள் ஓடும். பிறகு வியர்வைபோலச் சிறு துளிகளாகக் கூடும். அதுதான் துடைக்க வேண்டிய தருணம். மிதமான வெப்பத்தில் இதற்கு ஒன்று முதல் மூன்று நிமிடம் ஆகலாம்; நம் ஊர் வெப்பத்தில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. குட்டை இழையுள்ள மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் மிச்சத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது சுத்தமான துணியால் மெல்லத் துடைத்து முடியுங்கள். அடுத்த பகுதி முந்தைய பகுதியின் ஓரத்தைச் சற்றே மூடும்படி அமையட்டும்.

துடைக்காமல் விடுபட்ட இடத்தில் பூச்சு தடித்துக் கரும்படலமாக இறுகிவிடும். உடனே கண்டுபிடித்தால் அந்த இடத்தில் இன்னும் இரண்டு துளி பூசினாலே பழையது இளகும். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். மறுநாள் கண்டுபிடித்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை. என் முதல் முயற்சியில், மேலே எரிந்த ஒரே டியூப்லைட்டை நம்பியதால், பானெட்டின் வலது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இப்படி ஒரு திட்டு விழுந்துவிட்டது. மறுநாள் வெயிலில்தான் அது கண்ணில் பட்டது. அதன் பிறகு கைவிளக்கு இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடனும், முழுக் காரையும் முடித்த பிறகு ஒரு முறையும், எல்லாக் கோணத்திலிருந்தும் விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.

குப்பியின் வாயில் காய்ந்து நிற்கும் திரவம் கண்ணாடித் துணுக்குபோல இறுகியிருக்கும் என்பதால் அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். சுயீட் துணியை ஒவ்வொரு கதவுக்கும் மாற்றுங்கள். பயன்படுத்திய துணிகளைத் துவைத்து எடுத்து வைக்கும் நம் வீட்டு வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இறுகிய துணுக்குகள் இழைகளுக்குள் நின்று அடுத்த முறை கீறும். முன் கண்ணாடியில் இந்தத் திரவத்தைப் பூச வேண்டாம். வைப்பர் அதிர்ந்து அதிர்ந்து ஓடும். கண்ணாடிக்கென்றே தனிப் பூச்சு இருக்கிறது.

இரண்டாவது பூச்சு வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் பூச்சில் எங்காவது விடுபட்டிருந்தால் அதை மூட ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ குறிப்பில் சொன்ன இடைவெளியிலோ இன்னொன்று பூசலாம். ஐந்து ஏழு என்று அடுக்குவதில் பயன் குறைவு.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

பூசி முடித்த 24 மணி நேரத்துக்குக் காரின் மேல் தண்ணீர் படவே கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது. அந்த வாரத்தில் கார் உறையும் போட வேண்டாம். மழைத் துளி விழுந்துவிட்டால் பதறாமல், தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்கள். காகத்திடம் ஒரு வாரம் கெடு கேட்க முடியாது. எச்சம் விழுந்தால் மென்னீரில் நனைத்த துணியை அதன் மேல் இரண்டு நிமிடம் போட்டு ஊறவைத்து, அள்ளி எடுத்து, உலர ஒற்றிவிடுங்கள்.

அதன் பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முன்பு சொன்ன இரட்டை வாளி முறையில், நிழலில் கழுவினால் போதும். நாள்தோறும் காலையில் ஒரே வாளித் தண்ணீரும் மஞ்சள் துணியுமாக நான்கைந்து கார்களைத் துடைத்துத் தருபவரிடம் நம் காரை விட்டுவிடும்படி சொல்வதே பூசிய பணத்தைக் காப்பாற்றும் முதல் வேலை. அவருடைய மாதச் சம்பளத்தை நிறுத்தாமல், உட்புறத்தையும் சக்கரங்களையும் மட்டும் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டால் மனத்தாங்கலும் வராது. சர்வீஸுக்கு விடும்போது வாட்டர் வாஷ் வேண்டாம் என்று பணிச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். காரம் மிகுந்த நுரையும், அடிப்பகுதிக்கு அடிக்கும் டீசலும் எண்ணெயும் சில இடங்களில் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன.

கழுவி முடித்ததும் மென்னீர் அலசல், உடனே உலர்த்தல். நீளமான இழையுள்ள பெரிய துண்டைப் பரப்பில் விரித்து இழுத்தாலே நீர் ஏறிவிடும். கதவுக் கைப்பிடிக்குள்ளும் பக்கக் கண்ணாடிக்கு அடியிலும் ஒளிந்திருந்து பிறகு வழியும் நீரைக் காற்றூதியால் வெளியேற்றலாம். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை, ஈரமாக இருக்கும்போதே தெளித்துத் துடைக்கும் சிலிக்கா ஸ்ப்ரே ஒன்றைப் பயன்படுத்தினால், தேய்மானம் முதலில் அதன் மேல் விழும்.

ஓர் ஆண்டு கழித்து நீர் முத்தாகத் திரளாமல் சோம்பிப் படரத் தொடங்கினால், கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அதன் மேல் உப்பும் அழுக்கும் மெல்லிய படலமாக மூடியிருக்கும். இரும்பு நீக்கி ஒரு முறை, நீர்த்த வினிகர் ஒரு முறை, இடையிலும் முடிவிலும் நல்ல அலசல் என்று செய்து, பானெட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்துக்கள் திரும்பி வந்தால் ஒரு ஸ்ப்ரேயோடு விட்டுவிடலாம். வராத பகுதியை மட்டும், பெரும்பாலும் அது வெயிலை நேராக வாங்கும் கூரையும் பானெட்டுமாகத்தான் இருக்கும், மெல்லிய பாலிஷ் போட்டுத் துடைத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளுங்கள். கதவுகளை இன்னும் ஓர் ஆண்டு தொட வேண்டியிருக்காது.